தேன் தடவிய வாள்





இன்பத்தை வேண்டாத உயிர் உலகில் ஒன்றும் இல்லை. துன்பத்திற்கு அஞ்சாத உயிரும் இல்லை. நமது அகிம்சை தருமம் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீதே நிற்கிறது. தனக்கு நேரும் நோவு எத்தகையதோ அத்தகையதே எறும்புக்கு நேரும் நோவும் என்று உணர்ந்தவன் பிற உயிரை வருத்தத் துணியான். ஆயினும், நாம் அனைவரும் நாடும் அந்த இன்பம் யாது? அது எங்கே விளைகிறது? கையில் அகப்பட்டதும் ஏன் நழுவிப் போகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பது எளிதன்று.

மகிழ்ச்சியும் துயரமும் மூளையில் சுரக்கும் சில இரசாயனப் பொருள்களின் விளையாட்டே என்று இன்றைய இளைஞர்கள் நூல்களில் படிக்கின்றனர். படித்துவிட்டு வீட்டுப் பெரியோரிடம், “அப்படியானால் ஆன்மா எங்கே? வினை எங்கே? சாமாயிகம் எதற்கு?” என்று வினவுகின்றனர். மாணவர் கேட்கும் வினாவை அதட்டி அடக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் கற்ற முதற்பாடம். ஆகவே இளைஞர்களின் வினாவை வரவேற்று, தசலட்சண தருமங்களுள் ஒன்றாகிய உத்தம சௌசத்தை, அதாவது உலோபம் நீங்கிய உள்ளத் தூய்மையை, அவ்வினாவின் வழியாகவே சிந்திப்போம்.

இரு வேறு வினைகள்

எண்வினைகளுள் வேதநீயம் என்பது ஒன்று. இன்ப துன்பங்களை நுகரச் செய்வது இதுவே. இன்பத்தை நுகர்விப்பது சாதா வேதநீயம். துன்பத்தை நுகர்விப்பது அசாதா வேதநீயம். இதற்கு நம் முன்னோர் கூறிய உவமை தேன் தடவிய வாள். வாளின் விளிம்பை நாவால் நக்குகிறவனுக்குத் தேன் இனிக்கிறது, நாவும் அறுபடுகிறது.

மற்றொரு வினை மோகநீயம். இதற்கு அவர்கள் கூறிய உவமை கள். கள்ளுண்டவன் தாயையும் தாரத்தையும் வேறுபடுத்தி அறியான். நன்மை எது, தீமை எது என்று தெளியான். பற்று, வெறுப்பு, ஆசை, கோபம் யாவும் மோகநீயத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இன்பத்தை நுகர்தல் வேறு, அதன்மேல் வேட்கை கொள்ளுதல் வேறு என்று நம் ஆசாரியர்கள் இரண்டையும் இரு வேறு வினைகளாகப் பிரித்து வைத்தார்கள். கேவலஞானம் எய்திய பெருமானிடத்தில் மோகநீயம் அடியோடு அழிந்துவிடுகிறது. வேதநீயமோ முத்தி எய்தும் வரை எஞ்சி நிற்கிறது. மோகநீயத்தின் துணையில்லாத வேதநீயம் துன்புறுத்தும் வலிமையை இழந்துவிடும் என்பது திகம்பர ஆசாரியர்களின் முடிவு. எனவே, நம்மை வாட்டுவது நுகர்ச்சியைக் காட்டிலும் வேட்கையே என்பது பெறப்படும்.

பொறியை அழுத்திய எலி

இனி, மூளையை ஆராய்ந்தோர் கண்டதைப் பார்ப்போம். முன்னதாக ஒன்றைச் சொல்லிவிடுதல் என் கடமை. நான் கூறப்போகும் செய்திகளுட் சில வாயில்லா உயிர்களை வருத்திப் பெற்றவை. அந்த வழியை அகிம்சை நெறியில் நிற்போர் ஏற்பதற்கில்லை. எனினும், அவ்வுயிர்கள் பட்ட துன்பத்தால் வெளிப்பட்ட உண்மையை நாம் கேளாது விட்டால் அத்துன்பம் முற்றிலும் வீணாகும்.

1954-ஆம் ஆண்டு, கனடா நாட்டில் மான்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர், எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தினர். எலி ஒரு பொறியை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட ஓரிடத்தில் சிறிது மின்சாரம் பாயும். எலி அப்பொறியை மீண்டும் மீண்டும் அழுத்தலாயிற்று. பின்னர் நடந்த சோதனைகளில், சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்தின; உணவை மறந்தன; சோர்ந்து விழும் வரை ஓயவில்லை. மூளையின் ‘இன்ப மையம்’ கண்டறியப்பட்டது என்று உலகம் வியந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது, நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லும் தேன்துளிக் கதையே. காட்டானை துரத்த ஓடிய ஒருவன், பாழுங்கிணற்றின் மேல் தொங்கும் விழுதைப் பற்றிக்கொள்கிறான். கீழே பாம்புகள்; மேலே விழுதைக் கொறிக்கும் எலிகள்; சுற்றிலும் தேனீக்கள். கூட்டிலிருந்து ஒரு துளித் தேன் அவன் வாயில் விழுகிறது. வான்வழியே வந்த வித்தியாதரன் இரங்கி, “வா, உன்னைக் காப்பாற்றுகிறேன்” என்கிறான். அவனோ, “இன்னும் ஒரு துளி விழட்டும்” என்கிறான். அந்தத் துளி விழுந்ததும் மீண்டும் அதையே சொல்கிறான். பொறியை அழுத்திய எலிக்கும் இவனுக்கும் என்ன வேற்றுமை?

ஆனால் அந்த எலி உண்மையில் இன்பம் அடைந்ததா? இவ்வினாவைப் பிற்காலத்தில் எழுப்பியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் என்னும் அறிஞர். மூளையில் டோபமைன் என்னும் ஒரு பொருள் உண்டு. அதுவே இன்பத்தைத் தருகிறது என்று அந்நாளில் பலரும் எண்ணினர். டோபமைன் ஏறக்குறைய முழுதும் நீக்கப்பட்ட எலிகள் தாமாக உணவைத் தேடிச் செல்லவில்லை. ஆனால் அவற்றின் நாவில் சர்க்கரைக் கரைசலை விட்டபோது, சுவைத்து மகிழும் குறிகளை முன்போலவே காட்டின. அதாவது, வேட்கை போயிற்று, சுவை போகவில்லை! ‘வேண்டுதல்’ ஒரு வழி, ‘சுவைத்தல்’ மற்றொரு வழி, டோபமைன் பெரிதும் வேண்டுதலுக்கே உரியது என்று அவர் முடிவுகட்டினார். குடி முதலிய தீய பழக்கங்களில் சிக்கியவர்களுக்கு நாளடைவில் சுவை குன்றுகிறது, வேட்கையோ வளர்கிறது. மகிழ்ச்சி சிறிதும் இல்லாத நிலையிலும் கை கோப்பையை நாடுகிறது.

அன்பர்களே, சிந்தித்துப் பாருங்கள். நுகர்ச்சி வேறு, வேட்கை வேறு என்று மூளையை ஆராய்ந்தோரும் பிரித்துரைக்கின்றனர். டோபமைனே மோகநீயம் என்று நான் கூறவில்லை; அங்ஙனம் கூறுவது நம் சித்தாந்தத்திற்கும் பொருந்தாது, விஞ்ஞானத்திற்கும் பொருந்தாது. வெவ்வேறு வழிகளில் நடந்தோர் ஒரே வேறுபாட்டைக் கண்டனர் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

எதிர்பார்ப்பு என்னும் வட்டி

1990-களில், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வுல்ஃப்ராம் சூல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைக் கூர்ந்து நோக்கினார். எதிர்பாராத வேளையில் பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் துள்ளி எழுந்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகியபின், விளக்கைக் கண்டதும் துள்ளின. சாறு கிடைத்தபோது வாளாவிருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால், இயல்பான நிலைக்கும் கீழே தாழ்ந்தன. எதிர்பார்த்தது கிடைத்தால் புதிய கிளர்ச்சி இல்லை, கிடைக்காவிட்டாலோ வாட்டம். எதிர்பார்ப்பு என்பது வாங்கிய கடனுக்கு ஏறும் வட்டி போன்றது. வருவாய் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும்.

வகுப்பறையில் இதனை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைக்கு எதிர்பாராமல் ஒரு வண்ணச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தால் முகம் மலரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொடுப்பது வழக்கமாகிவிட்டால் மலர்ச்சி மறையும். ஒரு வெள்ளிக்கிழமை கொடாமல் விட்டாலோ அழுகை! சுண்ணக்கட்டி மாறவில்லை; பிள்ளையும் மாறவில்லை. இடையில் புகுந்தது எதிர்பார்ப்பே.

பெரியவர்கள் நிலையும் இதுவே. 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில், லாட்டரியில் பெரும்பொருள் பெற்ற 22 பேரை ஆராய்ந்தனர். ஏனையோரைக் காட்டிலும் அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இருக்கவில்லை. நண்பருடன் உரையாடுதல், காலை உணவு உண்ணுதல் போன்ற அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்கள் பெற்ற சுவையும் குறைந்திருந்தது.

நம் திருத்தக்கதேவர் இதனைச் சீவகன் வாயிலாகக் காட்டவில்லையா? எண்மரை மணந்தான், இழந்த நாட்டை மீட்டான், அரியணை ஏறினான். அவ்வளவு பெற்றவனை ஒருநாள் சோலையில் கண்ட சிறு காட்சி துறவுக்குத் திருப்பியது. ஆண் குரங்கு தன் துணைக்குக் கொடுத்த பலாக்கனியைக் காவலன் பறித்துக்கொண்டான், அவ்வளவே. செல்வம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவது. அதை நம்பி நிற்கும் இன்பம் நிலையாதது என்று அவன் தெளிந்தான். வந்தவாசிக்கு அருகில் பொன்னூர் மலையில் தவமிருந்தவராகப் போற்றப்படும் குந்தகுந்த ஆசாரியர், புலன்களால் வரும் இன்பம் பிறவற்றைச் சார்ந்தது, இடையூறு உடையது, முடிவுடையது, வினையைக் கட்டுவது, ஏறி இறங்குவது, ஆகவே அதுவும் துன்பமே என்று பிரவசனசாரத்தில் அறுதியிட்டார்.

அலையும் மனமும் ஆர்த்த தியானமும்

இனித் துன்பத்தின் பக்கம் வருவோம். நம் நூல்கள் தியானத்தை நான்காக வகுக்கின்றன. அவற்றுள் முதலாவதான ஆர்த்த தியானம் துயரில் தோய்ந்த சிந்தனையாகும். இதுவும் நால்வகைப்படும். விரும்பாதது வந்து சேர்ந்ததே என்று புழுங்குதல். விரும்பியது பிரிந்ததே என்று ஏங்குதல். உடல் நோவையே நினைந்து நினைந்து மறுகுதல். வருங்காலப் போகத்தை எண்ணி ஏங்கும் ‘நிதானம்’. அமைதியைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாகிய நிதானத்தை இதனோடு மயங்குதல் கூடாது. இந்நான்கிலும் பொதுவாக இருப்பது யாது? மனம் இருக்கும் இடத்தில் இல்லை என்பதே.

2010-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறக்குறைய 2,250 பேரிடம் கைத்தொலைபேசி வாயிலாக அவ்வப்போது மூன்று வினாக்கள் கேட்கப்பட்டன: இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அதில் இருக்கிறதா? மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? ஏறத்தாழ 47 விழுக்காட்டு வேளைகளில் மனம் வேறிடத்தில் அலைந்துகொண்டிருந்தது. அலைந்த வேளைகளில் மகிழ்ச்சி குறைந்திருந்தது. இனியவற்றை எண்ணி அலைந்தபோதுகூட, செய்யும் தொழிலில் ஒன்றியிருந்த வேளையைவிட மகிழ்ச்சி மிகவில்லை. ஆர்த்த தியானம் வினையைக் கட்டும் என்று நாம் கேட்டிருக்கிறோம். அது இப்பிறவியிலேயே, இந்த நாழிகையிலேயே தண்டனையைத் தந்துவிடுகிறது என்பதை இந்த ஆய்வு நமக்கு நினைவூட்டுகிறது.

நம் ஊரின் துயரம்

புதுச்சேரி அழகிய ஊர். கடற்கரைச் சாலையில் மாலையில் நடப்போர் முகங்களைக் கண்டால் இங்கே துயரமே இல்லை என்று தோன்றும். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கு வேறொன்றைக் கூறுகிறது. இந்தியா முழுவதிலும் ஓர் இலட்சம் மக்களுக்குத் தற்கொலை 12.4, புதுச்சேரியிலோ 29.7. நாட்டில் முன்வரிசையில் நிற்கும் எண் இது. நம் தெருவிலும், ஏன், நம் உறவிலும் வெளியே சொல்லாத வேதனையோடு வாழ்வோர் இருக்கின்றனர் என்பது இதன் பொருள்.

அத்தகையோரிடம் நம்மிற் சிலர், “எல்லாம் முன்வினை; அனுபவித்துத்தான் தீரவேண்டும்” என்று கூறிவிடுகின்றனர். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், மகப்பேற்றுக்குப் பின் ஓர் இளம்பெண் பிள்ளையைத் தூக்கவும் மனமின்றிச் சுவரைப் பார்த்தே அமர்ந்திருந்தாள். பல வாரங்கள் உறவினர் வினையைப் பேசினர். அவளுடைய பக்தி குறைவென்றும் பேசினர். பின்னர் அவள் மாமியாரே துணிந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சிகிச்சையால் அவள் தேறினாள். இன்று அந்தப் பிள்ளை பள்ளிக்குச் செல்கிறது. அந்த மாமியார் செய்ததே தருமம்.

ஏனெனில், மனச்சோர்வு நோய் என்பது சோம்பலன்று. பக்திக் குறைவும் அன்று. ஒரே ஒரு இரசாயனம் குறைவதால் இந்நோய் வருகிறது என்னும் எளிய விளக்கத்தை இன்று அறிஞர்கள் ஏற்பதில்லை. பிறவி இயல்பு, உடல்நோய், இழப்பு, தனிமை, வறுமை, மூளையின் மாறுபாடு எனப் பல காரணங்கள் கூடியே இது தோன்றுகிறது. ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்கக் கற்பிக்கும் அநேகாந்தம் நமக்கு இருக்க, நாம் மட்டும் ‘வினை’ என்னும் ஒற்றைச் சொல்லால் கதவை அடைப்பது முறையாகுமா? வினை பயன் தருவதற்கும் நிமித்தங்கள் வேண்டும். துன்பத்திற்கு நிமித்தம் இருப்பது போலவே அதன் தணிவிற்கும் நிமித்தம் உண்டு. மருந்தும் மருத்துவரும் அன்பான சொல்லும் அத்தகைய நிமித்தங்கள். நான்கு தானங்களுள் ஔஷத தானத்தையும் அபய தானத்தையும் வைத்த நெறி நம்முடையது. சமணப் புலவர்கள் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்தின் பெயரையே சூட்டினர். அத்தகைய மரபில் வந்தோர் நோயாளியைப் பழிக்கலாகாது.

வேறொரு தெளிவும் இங்கு வேண்டும். மனம் உடைந்து உயிரை விடுதலைச் சல்லேகனையோடு ஒப்பிட்டுப் பேசுதல் பெரும் பிழை. முன்னது துயரத்தின் பிடியில் நிகழ்வது. அந்நிலையில் இருப்போருக்கு வேண்டுவது நம் துணை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. காய்ச்சலுக்கு அங்கே செல்ல நாணாத நாம் மனநோய்க்குச் செல்ல நாணுவது ஏன்?

இருபத்தேழு மூச்சு

நலமாக இருப்போர் செய்யவேண்டுவது யாது? அதே ஜிப்மரில் 18 முதல் 25 வயது வரையுள்ள மருத்துவத்துறை மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம், 12 வாரங்கள் பிராணாயாமம் பழகினர். விரைவான மூச்சு பழகியவர்க்கும் மெதுவான மூச்சு பழகியவர்க்கும் மன அழுத்தம் குறைந்தது. நாடித் துடிப்பு தணிந்தது மெதுவான மூச்சு பழகியவர்களுக்கே.

நமது காயோத்சர்க்கத்தை நினைவுகூருங்கள். பஞ்ச நமஸ்கார மந்திரம் ஒன்றுக்கு மூன்று மூச்சு; ஒன்பது முறைக்கு 27 மூச்சு. விரைந்து முணுமுணுத்து முடிப்பதற்கு இக்கணக்கு ஏற்பட்டதன்று. நாள்தோறும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர இயலாதவர்கள் இந்த 27 மூச்சையேனும் நிதானமாகச் செய்யலாம். இங்கே நிதானம் நம் தமிழ் நிதானமே! அலையும் மனத்தை அதட்டாமல், தவறிய பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருவது போல, மீண்டும் மந்திரத்திற்குக் கொணர்வதே பயிற்சி.

இரண்டாவது, ஈதல். தன்னையும் பிறரையும் துயரில் ஆழ்த்துவது அசாதா வேதநீயத்திற்குக் காரணம் என்றும், உயிர்களிடத்து இரக்கம், தானம், பொறுமை, சௌசம் ஆகியவை சாதா வேதநீயத்திற்குக் காரணம் என்றும் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கூறினார். 2008-ஆம் ஆண்டு கனடாவில் சிலருக்குக் காலையில் 5 டாலர் அல்லது 20 டாலர் கொடுத்து, ஒரு சாராரைத் தமக்கும் மற்றொரு சாராரைப் பிறருக்கும் செலவிடச் சொன்னார்கள். மாலையில் மகிழ்ந்திருந்தோர் பிறருக்குச் செலவிட்டோரே. தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டாகவில்லை.

மூன்றாவது, பரிக்கிரகப் பரிமாணம், அதாவது உடைமைக்கு எல்லை வகுத்தல். எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே செல்லும் இயல்புடையது என்று கண்டோம். வேலி இல்லாத நிலத்தில் அது மேயும். “இவ்வளவு போதும்” என்று சங்கற்பம் செய்துகொள்பவன் வேட்கைக்கு வேலி இடுகிறான். நம் குல ஒழுக்கமாகிய மது விலக்கும் இத்தகைய வேலியே. மதுக்கடைகள் மலிந்த இவ்வூரில் நம் பிள்ளைகளுக்கு இதனை வெறும் தடையாகச் சொல்லாமல், வேட்கை வளர்ந்து சுவை தேயும் வகையை விளக்கிச் சொல்லுங்கள், அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஆன்மா எங்கே?

இறுதியாக, இளைஞர்களின் முதல் வினா. மூளை புத்கலம்; டோபமைனும் புத்கலம். வினையையே நுண்ணிய புத்கலம் என்று கூறும் நாம், இன்ப துன்பத்தில் புத்கலத்திற்குப் பங்குண்டு என்று கேட்டு ஏன் திடுக்கிட வேண்டும்? விஞ்ஞானம் காட்டியது கருவியை. அக்கருவியில் எழும் இன்பத்தையும் துன்பத்தையும் அறிபவன் ஆன்மா. அவனுடைய இயற்கை அனந்த சுகம். அது எதையும் எதிர்பாராதது. ஆதலால் ஏமாற்றத்தால் குன்றாதது.

அதுவரை நம் முன் இருப்பது தேன் தடவிய வாளே. நக்காமல் இருக்கக் கற்போம். நா அறுபட்டு வருந்துவோரைக் கண்டால், ஏன் நக்கினாய் என்று கேளாமல், முதலில் மருந்திடுவோம். அதுவே உத்தம சௌசம். அதுவே அருக தருமம்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!